அந்த வாக்கியம் என்னுடையது

மகளே,

இதை டைப் அடிக்காமல் கையால் எழுதுகிறேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக ஊரார் மனுவையெல்லாம் அடித்துக் கொடுத்தே காலம் தள்ளியவளுக்குக் கையெழுத்து எங்கே வரப்போகிறது? கோழி கிளறினது போல்தான் இருக்கும், சிரிக்காதே. கம்ப்யூட்டரில் எழுதினால் தப்பாகப் போனதை அழித்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் போல் உட்கார்ந்துகொள்ளலாம். இந்தக் கடிதத்தில் நான் எங்கே தயங்கினேன், எதை அடித்துவிட்டு வேறு எழுதினேன் என்பதெல்லாம் உன் கண்ணில் பட வேண்டும். போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை நம்பரைப் போட்டேன். நீ எடுத்ததும் "சாப்பிட்டியா, மதுரைல மழையா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். எனக்கு எழுதினால்தான் பேச்சு வரும் போலிருக்கிறது.

தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று சில தாள்களைக் கிழித்துச் சுள்ளிப் பெட்டிக்குள் போட்டாய். என்னவென்று கேட்டதற்கு, "இனிமே இந்த எழுதுற வேலையே வேண்டாம்மா. தை பொறந்ததும் பேங்க் பரீட்சைக்குக் கோச்சிங் சேரப் போறேன்" என்றாய். "வக்கீலுக்குப் படிச்சுட்டு எதுக்குடி பேங்க்?" என்றேன். "எனக்கு எழுத வரல. அம்புட்டுத்தான். விடு" என்றாய். அதற்கு மேல் நான் பேசியதெல்லாம் உனக்கு நினைவிருக்கும். எனக்கும் இருக்கிறது. ஒரு சொல் சொன்னால் தாங்கமாட்டாய், உனக்கு முதுகெலும்பே இல்லை என்றெல்லாம் கத்தினேன். நீ மறுநாள் காலையில் இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டு அருப்புக்கோட்டை பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாய். கோபம் வந்தால் என் வாய்க்கு வாசலும் கிடையாது, கதவும் கிடையாது. உன் அப்பா அதைச் சொல்லிச் சொல்லியே ஓய்ந்துபோனவர்.

நீ போன பிறகு அடுப்பு மூட்டச் சுள்ளி எடுத்தேன். எழுத்து இருக்கும் தாளை வாசிக்காமல் என்னால் எரிக்க முடியாது. பஜ்ஜி மடித்த காகிதத்தையே எண்ணெயைத் துடைத்துவிட்டு வாசிக்கிறவள் நான். துண்டுகளைத் தரையில் பரப்பி ஒட்டுச் சேர்த்துப் பார்த்தேன். மகனிடம் ஜீவனாம்சம் கேட்டு ஒரு அம்மா போடும் வழக்குக்கு நீ தயார் செய்த மனு. உன் சீனியர் நாலைந்து இடத்தில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தார். ஒரு வாக்கியத்தை மட்டும் முழுசாக வட்டம் போட்டிருந்தார். "பெற்று வளர்த்த தாய் என்றும் பாராமல், பச்சைத் தண்ணீரும் கொடுக்காமல், அடித்துத் துரத்திய கல்நெஞ்சன்" என்ற வாக்கியம். பக்கத்தில், "இதை அந்த அம்மா உன்னிடம் சொன்னார்களா?" என்று எழுதியிருந்தார். எழுத வரவில்லை என்று நீ நொந்துகொண்ட அந்த வாக்கியம் உன்னுடையது இல்லை, மகளே. அது என்னுடையது. அதை எப்போது எழுதினேன், யாருக்காக எழுதினேன், அதனால் என்ன ஆயிற்று என்பதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லத்தான் இந்தக் கடிதம்.

திருச்சுழியில் தாலுகா ஆபீஸுக்குப் போகிற தெருவில் நம் கடை இருந்த நாட்களை நினைத்துக்கொள். எட்டுக்குப் பத்து அறை. ஒரு தமிழ் டைப்ரைட்டர், ஒரு ஸ்டூல், வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்ச். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து என் காலடியில் சாக்கு விரித்துப் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவாய். மிஷின் ஓடுகிற வரைக்கும் தூங்குவாய், நான் வரி முடிந்து கைப்பிடியைத் தள்ளி நிறுத்தினால் விழித்துக்கொண்டு "முடிஞ்சிருச்சாம்மா?" என்பாய். தலைக்கு வைத்துக்கொள்ள உனக்கு ஒரு நீல ரெக்சின் பை. அந்தப் பைக்குள் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியும். நான் அடித்த மனு ஒவ்வொன்றின் கார்பன் காப்பியும் அதில் இருந்தது.

காப்பி வைக்கிற பழக்கம் அறிவால் வந்ததில்லை, அடி பட்டு வந்தது. கடை போட்ட புதிதில் ஒருவருக்கு வீடு இடிந்த மனு அடித்துக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து அதில் ஏதோ விவரம் கேட்டுக் கடிதம் வந்தது. அவர் என் கடைக்கு வந்து, "நீங்க என்னமோ எழுதுனீங்க, அவுக என்னமோ கேக்குறாக, நான் யாருகிட்டப் போயி நிக்க?" என்று சத்தம் போட்டார். நான் என்ன எழுதினேன் என்று எனக்கே நினைவில்லை. அன்றிலிருந்து கார்பன் வைக்காமல் ஒரு தாளைச் சொருகியதில்லை. ஒரு பை நிறைந்து இரண்டாவது பை, மூன்றாவது பை என்று ஆயிற்று. இப்போது எதையாவது தேட அவற்றைத் திறந்தால் நம் பக்கத்துச் சரித்திரமே தாள் தாளாக வருகிறது. மழை பொய்த்த வருடத்தில் பயிர்க் காப்பீட்டு மனுக்கள், கண்மாய் உடைந்த வருடத்தில் சுவர் விழுந்த மனுக்கள், சீமைக்கருவேலை வெட்டித் தரச் சொல்லி ஊர் ஊராக வந்த மனுக்கள். எல்லாவற்றின் மேலும் நீ பென்சிலால் போட்ட நம்பர். ஏழாம் எண்ணைத் திருப்பிப் போட்டிருப்பாய்.

காப்பி வைத்தேனே தவிர, ரொம்ப நாள் அதைத் திறந்து பார்த்ததில்லை. பார்க்க வைத்தது எம்.ரெட்டியபட்டிப் பக்கத்து ஊர்க்காரர்கள். ஊருக்குப் பிரிகிற விலக்கு ரோட்டில் பஸ் நிற்காமல் போகிறது, நிறுத்த உத்தரவு வேண்டும் என்று வந்தார்கள். நான் மூன்று பக்கம் அடித்துக் கொடுத்தேன். பதில் இல்லை. அடுத்த வருடம் அதே ஆட்கள் அதே குறையோடு வந்து நின்றார்கள். பழைய காப்பியை உருவி எடுத்து வாசித்தேன். முதல் பக்கம் முழுக்கக் கருணைக் கடலே, ஏழைகளின் விடிவெள்ளியே என்று ஆட்சியருக்குப் பாட்டு. இரண்டாம் பக்கத்தில் கல்வியின் பெருமை. எந்த விலக்கு, எந்த பஸ் என்பது மூன்றாம் பக்கத்தில், அதுவும் கையெழுத்துக்கு மேலே ஒண்டிக்கொண்டிருந்தது. வந்தவர்களில் ஒருவர் எட்டிப் பார்த்து, "நல்லாத்தானக்கா இருக்கு" என்றார் பாவம். எனக்கு முகம் செத்துப்போயிற்று. அன்றைக்கு ஒரே பக்கம் அடித்தேன். எந்த இடம், எத்தனை மணி பஸ், எத்தனை பெண் பிள்ளைகள் அங்கிருந்து பள்ளிக்கு நடக்கிறார்கள், அவ்வளவுதான். பஸ் நின்றது. அதற்குப் பிறகு நான் இரண்டு காப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு வருடத்துக்கு முந்தைய என்னைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் அந்தச் சிரிப்புதான் எனக்கு எழுதச் சொல்லித் தந்தது, வேறு யாரும் சொல்லித் தரவில்லை.

அப்போதிருந்து ஒவ்வொரு காப்பியின் பின்புறமும் ஒரு வரி எழுதிவைத்தேன். "கிடைத்தது", "தள்ளுபடி, சர்வே நம்பர் விட்டுப்போனது", "நாள் கடந்துவிட்டது", இப்படி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பையைக் கவிழ்த்து எல்லாவற்றையும் புரட்டுவேன். எங்கே தள்ளுபடி ஆகிறதோ அங்கே என் எழுத்தில் ஒரே மாதிரி ஓட்டை இருப்பது தெரியும். அதை அடைப்பேன். தாலுகா ஆபீஸ் வாசலில் நாலு பேர் மனு எழுதினாலும் "அந்தப் பொம்பள எழுதுனா காரியம் ஆகும்" என்று என்னைத் தேடி வந்தது இதனால்தான். எனக்கும் தலைக்கனம் ஏறியது. மறைப்பானேன்.

இப்போது குருவம்மா அத்தை விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு மிதுக்கங்காய் வத்தல் கொண்டுவந்து தருவாளே, அவளேதான். நரிக்குடி ரோட்டு கிராமத்திலிருந்து மிளகாய் வத்தல் மூட்டையோடு சந்தைக்கு வருகிறவள், பஸ்ஸுக்கு நேரம் இருந்தால் நம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போவாள். உன் தலையைப் பின்னிவிட்டுக்கொண்டே, "எனக்குப் பொட்டப் புள்ள இல்லாத கொறைக்கு இவ ஒருத்தி" என்பாள். நீ ஆறாம் வகுப்பில் இருந்தபோது அவள் புருஷன் இறந்துபோனார். சில மாதம் கழித்து, விதவை உதவித்தொகைக்கு எழுதச் சொல்லி வந்தாள். "மகன் இருக்கானே" என்றேன். "இருக்கான்க்கா. திருப்பூர்ல பனியன் கம்பெனில கெடக்கான். இப்பத்தான் ஒரு புள்ள பொறந்துருக்கு. அவன் நல்லவன்தான். அவனுக்கும் முடியல. அதான் கேக்கேன்" என்றாள்.

வளர்ந்த மகன் இருக்கிறான் என்று எழுதினால் மனு நிற்காது என்பது என் கணக்கு. அந்த மாதிரி மனுவுக்கு என்னிடம் ஒரு அச்சு வாக்கியம் இருந்தது. எத்தனையோ பேருக்குப் போட்டது, யாருக்கும் வினையாகாதது. பெற்று வளர்த்த தாய் என்றும் பாராமல் என்று தொடங்கும் அதே வாக்கியத்தை அவள் எதிரிலேயே அடித்தேன். வாசித்துக் காட்டவில்லை. வாசித்துக் காட்டுகிற வழக்கமே அப்போது எனக்கு இல்லை. பெஞ்சில் இன்னும் ஐந்து பேர் காத்திருந்தார்கள். "ரேகை வையி" என்றேன். வைத்தாள். உதவித்தொகை கிடைத்தது. காப்பியின் பின்னால் "கிடைத்தது" என்று எழுதி, கீழே கோடும் போட்டேன்.

தாலுகா ஆபீஸிலிருந்து விசாரணைக்குப் போனவர் ஊர் நடுவில் வைத்து மனுவை வாசித்து, இது உண்மையா என்று நாலு பேரிடம் கேட்டிருக்கிறார். குருவம்மா அப்போது காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்தாள். ஊரார் என்ன சொன்னார்களோ, காகிதம் நகர்ந்துவிட்டது. பொங்கலுக்கு மகன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, பெற்ற தாயை அடித்தவன் என்று டீக்கடையில் வைத்துக் கேட்டிருக்கிறார்கள். அவன் வீட்டுக்கு வந்து, "நான் ஒன்னைய அடிச்சேனாம்மா? எழுதிக் குடுத்துருக்கியாமே" என்று மட்டும் கேட்டுவிட்டு அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டான். பிறகு ஊருக்கு வரவே இல்லை. இதெல்லாம் அந்த ஊரிலிருந்து பத்திரம் அடிக்க வந்த ஒருவர் சொல்லி எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். குருவம்மா நம் கடைப்பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். நீ, "அத்தை ஏம்மா வர்றதில்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். "மகன்கூடத் திருப்பூருக்குப் போயிட்டா" என்று உன்னிடம் பொய் சொன்னேன். காப்பியின் பின்னால் எதையும் மாற்றி எழுதவில்லை. கிடைத்தது என்றால் கிடைத்ததுதான் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு வாசித்துக் காட்டாமல் ரேகை வாங்கியதில்லை, அது உண்மை. ஆனால் குருவம்மாவைப் பார்க்கப் போகவில்லை, அதுவும் உண்மை.

இத்தோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. நீ சட்டக் கல்லூரியில் சேர்ந்த வருடம் வந்து, "அம்மா, நீ அடிச்சதுலயே ஒசத்தியான மனு ஒண்ணு குடு, நான் பாத்துப் பழகணும்" என்றாய். அத்தனை பையிலும் தேடி நான் எடுத்துக் கொடுத்தது எது தெரியுமா? அதேதான், பேரையும் ஊரையும் மட்டும் வெள்ளைக் காகிதம் வைத்து மறைத்து ஜெராக்ஸ் எடுத்துத் தந்தேன். நடந்தது தெரிந்தும் தந்தேன். எழுத்து என்று பார்த்தால் அதைவிட நன்றாக நான் எழுதியதில்லை என்ற நினைப்பு எனக்கு. நீ சத்தம் போட்டு வாசித்தாய். உன் கண் கலங்கிவிட்டது. "எப்படிம்மா இப்படி எழுதுன?" என்றாய். அந்த ஒரு கேள்விக்காக நான் வாயை மூடிக்கொண்டேன். நீ அதை உன் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்துக்கொண்டாய். எட்டு வருடம் கழித்து அது உன் சீனியர் கையில் சிவப்பு வட்டத்தோடு வந்து நிற்கிறது. நீ சிலுவை சுமப்பது போல் அதைச் சுமந்துகொண்டு, எனக்கு எழுத வராது என்கிறாய். எனக்கு எவ்வளவு வெட்கமாக இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை, மகளே. என்னை மன்னித்துவிடு.

வேலையை விடுவதும் தொடர்வதும் உன் இஷ்டம். பேங்கில் ஏசி காற்றில் உட்கார்ந்திருப்பது ஒன்றும் பாவமில்லை. ஆனால் விடுவதாக இருந்தால், பிடிக்கவில்லை என்று விடு. என் வாக்கியத்துக்கு விழுந்த வட்டத்தை உன் தலையில் போட்டுக்கொண்டு விடாதே. நீ எழுதுகிற விதத்தை நான் கவனித்திருக்கிறேன். பழைய மனுவைத் திறக்கிறாய், பேரை மாற்றுகிறாய், அதன் மேலேயே சேமிக்கிறாய். நேற்று என்ன எழுதினாய் என்பதற்குச் சாட்சியே இல்லை. சீனியர் திருத்தித் தந்த தாளையும் கிழித்துவிடுகிறாய். பிறகு நீ தேறியிருக்கிறாயா இல்லையா என்று எதை வைத்துப் பார்ப்பாய்? திருத்தம் விழுந்த தாளை ஒன்று விடாமல் ஒரு பையில் போடு. முதலில் எழுதியதையும் கடைசியில் போனதையும் சேர்த்துக் குத்தி வை. நல்லதாகப் பொறுக்கி வைக்கிற பையாக அது இருக்க வேண்டாம். என் பை அப்படி ஆனதால்தான் இவ்வளவும். பின்புறத்தில் கிடைத்தது, தோற்றது என்று மட்டும் எழுதாதே. இது யாருடைய பேச்சு, அவர்களுக்கு வாசித்துக் காட்டினேனா, கேட்டு அவர்கள் முகம் எப்படி இருந்தது என்று எழுது. வருடத்துக்கு இரண்டு தடவை தனியாக உட்கார்ந்து புரட்டு. வெட்கம் வரும். வரட்டும்.

இவ்வளவையும் உனக்கு எழுத உட்கார்ந்தபோது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. பதினைந்து வருடமாக ஒரு தாளைத் திருப்பிப் பார்க்கப் பயந்தவள் மகளுக்குப் புத்தி சொல்வதாவது. எழுதியதைப் பாதியில் மடித்து வைத்துவிட்டு, அந்தக் காப்பியை எடுத்துக்கொண்டு போன செவ்வாய்க்கிழமை நரிக்குடி பஸ்ஸில் ஏறினேன். மழை பெய்து காடெல்லாம் பச்சையாக இருந்தது. குருவம்மா மிளகாய்ச் செடிக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும், "வாக்கா, வழி தெரிஞ்சுச்சாக்கும்" என்றாள். உன்னைத்தான் முதலில் கேட்டாள். வக்கீலாகிவிட்டாய் என்றதும், "எங்கையால பின்னுன சடை" என்று பக்கத்தில் களை வெட்டியவர்களிடம் சொல்லிக்கொண்டாள். நான் வரப்பில் உட்கார்ந்து, அவளையும் உட்காரச் சொல்லி, அந்தத் தாளை முதல் வரியிலிருந்து வாசித்தேன்.

முடித்ததும் அவள் வெகுநேரம் களைக்கொத்தில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "அப்ப ஊருல பேசிக்கிட்டது மெய்யா? மேல வீட்டுக்காரிதான் இட்டுக்கட்டி விட்டான்னு அவகூட இன்னைக்கு வரைக்கும் நான் பேசல. அவ மக கல்யாணத்துக்குக்கூடப் போகல. வெக்கப்பட்டுச் சந்தைப் பக்கமும் வரல" என்றாள். நான் தாளை மடித்தேன். "ஏத்தா, நீ படிச்சவதான? ஒரு வாட்டி எனக்கு வாசிச்சுக் காட்டியிருக்கலாம்ல?" என்றாள். அப்போதும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "நீ சொன்னபடி எழுதியிருந்தா பணம் வந்திருக்காதுன்னு பயந்தேன் குருவம்மா" என்றேன். "வராதுன்னு சொல்லியிருந்தா, சரி வேணாம்னு எந்திரிச்சுப் போயிருப்பேனே" என்றாள்.

அவள் மகனுக்கு எல்லாவற்றையும் விளக்கி ஒரு கடிதம் எழுதித் தருகிறேன், வாசித்துக் காட்டுகிறேன், பிடித்திருந்தால் அனுப்பலாம் என்றேன். "நீ எழுதுனதெல்லாம் போதும். வாயத் தொறந்து சொல்லு" என்று இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். அதில் ஊர்க்காரர் ஒருவர் ஏற்றித் தந்த அவன் நம்பர் இருந்தது. இத்தனை வருடத்தில் அவள் அதை அழைத்ததே இல்லையாம். அவளே அழுத்தி என் காதில் வைத்தாள். பின்னால் தையல் மிஷின்கள் ஓடுகிற சத்தத்தோடு ஒரு குரல், "யாரு?" என்றது. நான் யார் என்று சொன்னேன். "தம்பி, நீங்க அடிச்சீங்கன்னு உங்க அம்மா சொல்லவே இல்ல. எம் மகன் நல்லவன்னுதான் சொன்னாக. அடிச்சதா எழுதுனது நானு. அவுகளுக்கு வாசிச்சுக்கூடக் காட்டல" என்றேன். அந்தப் பக்கம் மிஷின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. போனை வைத்துவிட்டானோ என்று நினைத்தேன். அப்புறம் அவன், "அம்மாகிட்டக் குடுங்க" என்றான்.

உன்
அம்மா